ஸ்டிக்கரைப் பிரிக்காதீர்கள்: கையில் ஒரு புரோட்டோடைப் காட்ரிட்ஜ் சிக்கினால் என்ன செய்வது

சாம்பல் நிறத்தில் ஒரு நின்டெண்டோ காட்ரிட்ஜ், அதாவது வீடியோ கேம் கன்சோலில் செருகும் விளையாட்டுப் பெட்டி. கடைச் சரக்கில் இருக்கும் பளபளப் படம் இதில் இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி, விளையாட்டின் பெயரையும் ஒரு தேதியையும் யாரோ பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். புரோட்டோடைப் என்பது இதுதான்: விளையாட்டு வெளிவருமுன் செய்த சோதனைப் பிரதி. ஏலத் தளத்திலோ, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமான் பெட்டியிலோ இப்படி ஒன்று கண்ணில் பட்டால் மனசு துள்ளும், எனக்கும் துள்ளியது, உடனே கன்சோலில் செருகி ஆன் செய்யத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். 30, 35 வருடப் பழைய பொருள் இது. உள்ளே இருப்பது வேறெங்குமே இல்லாத ஒற்றைப் பிரதியாகவும் இருக்கலாம். அதை அழிக்க நாம் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டாம், ஒரு ஸ்டிக்கரைப் பிரித்து ஜன்னலோரம் வைத்தாலே போதும்.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காக, தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது என்ன

கடையில் விற்ற காட்ரிட்ஜ்களில் இருப்பது மாஸ்க் ரோம். சிப் தயாராகும்போதே தொழிற்சாலையில் விளையாட்டையும் அதற்குள் பதித்துவிடுவார்கள். பெரிய எண்ணிக்கையில் போட்டால்தான் கட்டுப்படியாகும், போட்டபிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. விளையாட்டு இன்னும் முடியவில்லை, அடுத்த வாரமே வேறு மாதிரி ஆகிவிடும் என்கிற நிலையில் அது சரிப்படாது. அதனால் சோதனை செய்பவர்களுக்கும் பத்திரிகை விமர்சகர்களுக்கும் கண்காட்சிகளுக்கும் ஈப்ராம் என்ற சிப்பில் எழுதிக் கொடுத்தார்கள். 1971இல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய சிப் வகை இது. எழுதலாம், அழிக்கலாம், திரும்ப எழுதலாம்.

அழிப்பது எப்படி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிப்பின் முதுகில் வட்டமாக ஒரு குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதன் வழியாகப் பார்த்தால் உள்ளே சின்னஞ்சிறு சிலிக்கான் துண்டு மின்னுவது தெரியும். ஒவ்வொரு பிட்டும் அங்கே சிறைப்பட்டிருக்கும் கொஞ்சம் மின்னூட்டம். புற ஊதாக் கதிர் பட்டால் அந்த மின்னூட்டம் தப்பித்து ஓடிவிடும், சிப் காலி. இதற்கென்று உள்ள விளக்கின் அடியில் வைத்தால் 15, 20 நிமிடத்தில் வேலை முடியும். சூரிய ஒளி நேராகப் பட்டால் சுமார் ஒரு வாரம், சாதாரண ட்யூப்லைட் வெளிச்சத்தில் சுமார் 3 வருடம் என்று சிப் தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களே சொல்கின்றன. ஜன்னலை மூடி ஒட்டியிருக்கும் அந்த அழுக்கு ஸ்டிக்கர் அங்கே ஏன் இருக்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். அதன் மேல் எழுதியிருக்கும் தேதி நமக்குப் பின்னால் தேவைப்படும், அதைவிட முக்கியம் அந்த ஸ்டிக்கர் தருகிற நிழல்.

வாங்குவதற்கு முன்

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. 1989இல் வந்த ஒரு விளையாட்டின் புரோட்டோடைப் என்று சொல்லி ஒருவர் விற்றதை, படத்தில் கையெழுத்து லேபிளைப் பார்த்தே மயங்கி வாங்கிவிட்டேன். வந்து சேர்ந்ததும் திறந்தால் சிப்பின் மேல் நாலு இலக்க எண்: 9722. அதாவது 1997ஆம் வருடத்தின் 22ஆவது வாரம் தயாரான சிப். 1989 விளையாட்டின் சோதனைப் பிரதி 1997 சிப்பில் எப்படி இருக்கும்? யாரோ வீட்டில் உட்கார்ந்து, கடை காட்ரிட்ஜ் ஒன்றின் சிப்பைப் பிடுங்கிவிட்டு, இணையத்தில் இறக்கிய கோப்பை வேறு சிப்பில் எழுதி, ஒட்டி, லேபிளும் எழுதியிருக்கிறார்கள். பணம் போனது போனதுதான்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது உள்ளே இருக்கும் போர்டின் இரண்டு பக்கப் படமும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். படம் வந்தால் முதலில் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு வாரம். அது விளையாட்டின் காலத்தைவிடப் பிந்தியது என்றால் போலி. ஆனால் இது ஒரு பக்கக் கத்திதான்: குறியீடு சரியாக இருந்தால் அசல் என்று அர்த்தமில்லை, பழைய காலி சிப்புகள் இன்றும் கிலோக் கணக்கில் கிடைக்கின்றன. போர்டைப் பாருங்கள். ஈப்ராம் சிப்புக்கென்றே செய்த போர்டா, அல்லது கடை காட்ரிட்ஜ் போர்டில் பழைய சிப்பைப் பிடுங்கிய தழும்பு தெரிகிறதா, சுற்றி ஒயர் ஓடுகிறதா, பற்றவைத்த ஈயம் புதுப் பளபளப்பில் இருக்கிறதா. அதற்காக ஒயர் இருந்தாலே போலி என்றும் முடிவு கட்டாதீர்கள், அவசரத்துக்கு நிறுவனங்களே அப்படிக் கைவேலை செய்ததும் உண்டு. இந்த விஷயத்தில் ஒரே அடையாளம் என்று எதுவும் கிடையாது, நாலைந்து அடையாளங்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும், ஜாதகம் பார்க்கிற மாதிரி.

அப்புறம், அரிதானது எல்லாம் புரோட்டோடைப் ஆகாது. 1990இல் நின்டெண்டோ நடத்திய உலகச் சாம்பியன்ஷிப் போட்டிக்கான காட்ரிட்ஜ் சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26 என்பார்கள், விலையும் எக்கச்சக்கம், ஆனாலும் அது முடித்து வெளியிட்ட போட்டிப் பிரதி, சோதனைப் பிரதி அல்ல. நம் ஊரில் 90களில் 'டிவி கேம்' என்று வாங்கி விளையாடிய மஞ்சள் காட்ரிட்ஜைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சிப்புக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பிசின் உருண்டைதான் இருக்கும். அதில் தேடவேண்டாம்.

ஆனால் கள்ளக் காட்ரிட்ஜ் என்றாலே குப்பை என்று ஒதுக்கவும் முடியாது. 1992 பத்திரிகைப் படங்களில் வந்த, ஆனால் வெளியான 'சோனிக் 2' விளையாட்டில் இல்லாத 'ஹிடன் பேலஸ்' என்ற கட்டத்தை ரசிகர்கள் வருடக்கணக்கில் தேடினார்கள். 1999இல் அது இருந்த முற்றுப்பெறாத படி ஒன்று ஒரு சீன இணையதளத்தில் கிடைத்தது. அதே படி கள்ளக் காட்ரிட்ஜாகவும் விற்பனையாகியிருந்தது. யாரோ ஒரு பிள்ளை அதைத் தெரியாமலேயே விளையாடி முடித்து, தூக்கியும் போட்டிருப்பான். இன்று சோதனைப் பிரதிகளைச் சேகரித்து வெளியிடும் ஒரு பெரிய குழு தனக்கு ஹிடன் பேலஸ் என்றே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது.

கையில் வந்ததும்: முதலில் பேனா, பிறகுதான் திருப்புளி

காட்ரிட்ஜ் உங்களிடம் வந்த கதையை அன்றே எழுதுங்கள். யாரிடமிருந்து, அவருக்கு யாரிடமிருந்து, அவர் எந்த நிறுவனத்தில் என்ன வேலை பார்த்தார், எந்த வருடம். விற்றவர் இரண்டு மாதம் கழித்துப் பதில் போடமாட்டார், இப்போதே கேளுங்கள். பலரும் இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். இந்தக் கதை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் 'மதர்'.

ஷிகெசாதோ இதோய் உருவாக்கிய 'மதர்' விளையாட்டு 1989 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தது. அமெரிக்காவில் வெளியிட நின்டெண்டோ 1990இல் ஆங்கிலத்தில் முழுதாக மொழிபெயர்த்து முடித்தது, கையேடுவரை வேலை நடந்தது, பிறகு அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1990களின் பிற்பகுதியில் அதன் புரோட்டோடைப் ஒரு சேகரிப்பாளர் கைக்கு வந்தது. ரசிகர்கள் பணம் சேர்த்துக் கொடுத்து 1998இல் அதை டம்ப் செய்ய வைத்தார்கள், அதாவது சிப்பில் உள்ளதைக் கணினிக் கோப்பாக எடுத்தார்கள். 1995இல் வந்த சூப்பர் நின்டெண்டோ விளையாட்டோடு குழம்பக்கூடாது என்று 'எர்த்பவுண்ட் ஜீரோ' என்று பெயரும் மாற்றினார்கள். வந்தது வினை. பெயரை மாற்றியிருக்கிறார்கள் பார், இது ரசிகர்களே மொழிபெயர்த்துக் கட்டிவிட்ட கதை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. சந்தேகம் தீர்ந்த விதம் அருமையானது: 2003இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'மதர் 1+2' தொகுப்பில், பழைய ஜப்பானியப் பதிப்பில் இல்லாத, அந்த ஆங்கிலப் புரோட்டோடைப்பில் மட்டும் இருந்த மாற்றங்கள் வந்தன. ஓடுவதற்கான பொத்தான், நீட்டிய முடிவுக் காட்சி எல்லாம். ரசிகர்கள் எழுதியதை நின்டெண்டோ காப்பியடித்திருக்கவா போகிறது? 2015 ஜூனில் நின்டெண்டோவே அதை 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்று வீ யூ கன்சோலில் வெளியிட்டது. 1990இல் முடித்த வேலை, 25 வருடம்.

சரி, எழுதியாயிற்று. அடுத்து படம். லேபிள், முன், பின், விளிம்பு, எல்லாம். பிறகுதான் திறப்பது. பழைய என்.இ.எஸ். (ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்) காட்ரிட்ஜ்களில் சாதாரணத் தட்டைத் திருப்புளி போடும் திருகாணி இருக்கும். பிந்தையவற்றுக்கும் சூப்பர் நின்டெண்டோ, நின்டெண்டோ 64 காட்ரிட்ஜ்களுக்கும் 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி முனை வேண்டும், இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். கத்தியால் நெம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. லேபிள் திருகாணியை மூடியிருந்தால் அவசரப்பட்டுக் கிழிக்காதீர்கள், பல சமயம் திறக்காமலேயே படிக்க முடியும்.

திறந்ததும் ஜன்னலைப் பாருங்கள். ஸ்டிக்கர் ஒழுங்காக இருந்தால் தொடவே வேண்டாம். காய்ந்து விழுந்திருந்தால், அதைத் தனியாக ஒரு கவரில் பத்திரப்படுத்திவிட்டு, ஜன்னல் அளவுக்கு அலுமினியத் தாளை வெட்டி டேப் போட்டு மூடுங்கள். தாள் சிப்பின் கால்களில் படக்கூடாது. சிப் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். 27சி256 என்றால் 256 கிலோபிட், அதாவது 32 கிலோபைட். 27சி010 என்றால் 128 கிலோபைட். இந்தக் கணக்கு அடுத்த கட்டத்தில் கைகொடுக்கும்.

டம்ப் எடுப்பது

இரண்டு வழி. ஒன்று, காட்ரிட்ஜின் விளிம்பு முனையிலேயே செருகிப் படிக்கும் கருவி. திறந்த வடிவமைப்பாகக் கிடைக்கும் சானி காட்ரிட்ஜ் ரீடர் போன்றவை, கையில் வேலை தெரிந்தால் நீங்களே செய்யலாம். இன்னொன்று, சிப்பைக் கழற்றி ஈப்ராம் புரோகிராமர் என்ற கருவியில் வைத்துப் படிப்பது. சிப் சாக்கெட்டில் நின்றால் கழற்றலாம், கால்கள் வளையாமல் இரண்டு பக்கமும் மெதுவாக, மாறி மாறி. போர்டில் பற்றவைத்திருந்தால் முதல் முறை செய்கிறவர் சூட்டுக்கோலைத் தொடவேண்டாம்.

விளிம்பு வழியாகப் படிப்பது பாதுகாப்பு, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. என்.இ.எஸ். கன்சோல் விளையாட்டின் நிரலை ஒரு நேரத்தில் 32 கிலோபைட்தான் பார்க்கும், அதைவிடப் பெரிய விளையாட்டுகளில் மேப்பர் என்ற துணைச் சிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டும். கருவியில் தவறான மேப்பரைத் தேர்ந்தெடுத்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடும். அதனால்தான் சிப் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னேன்: கோப்பின் அளவும் சிப்புகளின் மொத்த அளவும் பொருந்தவேண்டும்.

புரோகிராமரில் என்றால் ஒன்றே ஒன்று: 'படி' பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'எழுது' பொத்தானும் இருக்கும். எழுதும்போது கருவி 12 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். பேசிக்கொண்டே, போன் பார்த்துக்கொண்டே இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, மூன்று முறை படியுங்கள். ஒவ்வொரு முறையும் காட்ரிட்ஜைக் கழற்றிச் செருகவேண்டும். மூன்று கோப்புக்கும் எஸ்.எச்.ஏ-1 ஹேஷ், அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஓர் எண், கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்று என்றால் நிம்மதி. வேறுபட்டால் முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள், மறுபடி துடையுங்கள். அப்போதும் அதே சில இடங்களில் மட்டும் பிட் மாறி மாறி வந்தால் மின்னூட்டம் கசிய ஆரம்பித்திருக்கிறது. ஈப்ராமில் காலியான பிட் 1 என்று வரும், ஆகவே கசிவு 0-ஐ 1 ஆக்கும். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டிலிருந்து கொஞ்சம் குறைத்துப் படித்தால் தளர்ந்த பிட்டுகள் பழைய மதிப்பைக் காட்ட வாய்ப்புண்டு, அனுபவமுள்ளவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடியும்வரை கன்சோலில் போட்டு விளையாடவேண்டாம், எடுத்த கோப்பை எமுலேட்டரில் (கன்சோல் போலவே இயங்கும் கணினி மென்பொருள்) விளையாடிக்கொள்ளலாம்.

சிப்பை முழுதாகப் படியுங்கள். விளையாட்டு முடிந்த இடத்தோடு நிறுத்தாதீர்கள். இதற்கு ஒரு அட்டகாசமான காரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் ஃபாரஸ்ட் ஆஃப் இல்யூஷன் என்ற, பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் குழு, நின்டெண்டோ 64க்கான 'எஃப்-ஜீரோ எக்ஸ்' கார் பந்தய விளையாட்டின் சோதனைக் காட்ரிட்ஜ் ஒன்றை டம்ப் செய்தது. காட்ரிட்ஜின் கொள்ளளவு 32 மெகாபைட், விளையாட்டோ 16தான். மீதிப் பாதி வெறுமையாக இருக்கவேண்டிய இடம், ஆனால் வெறுமையாக இல்லை. அதே காட்ரிட்ஜில் அதற்கு முன்பு எழுதியிருந்த 'செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்' விளையாட்டின் 1997 ஸ்பேஸ்வேர்ல்டு கண்காட்சிக் காலத்துப் படியில் பாதி அங்கே அழியாமல் கிடந்தது. சிலேட்டைச் சரியாகத் துடைக்காமல் மேலேயே எழுதிய மாதிரி. 1998இல் வெளியான விளையாட்டில் இல்லாத காட்சிகளும் பொருள்களும் அதிலிருந்து வெளிவந்தன. 16 மெகாபைட் போதும் என்று யாராவது நிறுத்தியிருந்தால்?

எடுத்த பிறகு

வெளியான பதிப்போடு ஒப்பிடுங்கள். ஒரு பைட்கூட மாறவில்லை என்றால் அது பெரும்பாலும் கடைசிக்கட்ட மாதிரி, அல்லது என்னுடையதைப் போல மோசடி. மாறியிருந்தால் எங்கே என்று பாருங்கள். எழுத்து, இசை, படம், கட்டங்கள். 'போக்கிமான் கோல்டு' விளையாட்டின் 1997 கண்காட்சிப் படி 2018இல் வெளியே வந்தபோது, பிறகு கைவிடப்பட்ட உயிரினங்களின் படங்கள் அதில் வரிசையாக இருந்தன. அப்படி எதுவும் இல்லாமல் தலைப்புத் திரையில் ஒரு வருடம் மட்டும் வேறாக இருந்தாலும் பதிவு செய்துவையுங்கள்.

கோப்பை வெளியிடுவதா, பூட்டிவைப்பதா? இதில் சண்டை ஓயாது. டம்ப் வெளியானால் காட்ரிட்ஜின் விலை விழும் என்று சில சேகரிப்பாளர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சோனியும் நின்டெண்டோவும் சேர்ந்து செய்து கைவிட்ட கன்சோலின் மாதிரி ஒன்று 2020இல் ஏலத்தில் 3,60,000 டாலருக்குப் போனது, பணம் புழங்கும் இடம்தான் இது. ஆனால் சிப்பில் உள்ள மின்னூட்டத்துக்கு ஏல விலை தெரியாது, அது பாட்டுக்குக் கசிந்துகொண்டிருக்கும். வெளியிட மனமில்லையா, பரவாயில்லை, டம்ப்பாவது எடுத்து நம்பகமான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள் என்பேன்.

நல்லபடியாக நடந்த ஒன்று 'சிம்சிட்டி'. 1991 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் என்.இ.எஸ். பதிப்பைக் காட்டினார்கள், அப்புறம் சூப்பர் நின்டெண்டோ பதிப்பு மட்டும் வந்தது, இது காணாமலே போனது. 27 வருடம் கழித்து இரண்டு புரோட்டோடைப் கிடைக்க, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அதை டம்ப் செய்து, ஆராய்ந்து, 2018 டிசம்பரில் விளக்கத்தோடு பொதுவில் வைத்தது. இந்த அமைப்பைத் தொடங்கியவர் ஃபிராங்க் சிஃபால்டி. உங்களுக்கு வழி தெரியாவிட்டால் இதுபோன்ற அமைப்புக்கு எழுதுங்கள், காட்ரிட்ஜைத் திருப்பித் தருகிறார்களா, உங்கள் பெயரை வெளியிடலாமா என்பதை மின்னஞ்சலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்கவேண்டாம்: பிளாஸ்டிக் உங்களுடையதாக இருக்கலாம், விளையாட்டின் பதிப்புரிமை நிறுவனத்துடையது. சில லேபிள்களில் 'நிறுவனத்தின் சொத்து, விற்பனைக்கு அல்ல' என்றே அச்சிட்டிருக்கும். கோப்பை விற்றுக் காசு பார்க்கும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள்.

காட்ரிட்ஜை நிலைமின் தடுக்கும் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு, காற்றுப் புகாத டப்பாவில், இருட்டான அலமாரியில் வையுங்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊரில் பொட்டலத்தை அடிக்கடி மாற்றுங்கள். டம்ப் எடுத்த தேதி, ஹேஷ் எண், வந்த கதை மூன்றையும் ஒரு தாளில் எழுதி டப்பாவுக்குள்ளேயே போடுங்கள்.

இதையெல்லாம் முதல் முறையே அசல் மேல் செய்து பழகாதீர்கள். என் போலி காட்ரிட்ஜ் கடைசியில் அதற்குத்தான் உதவியது. பத்துப் பதினைந்து முறை கழற்றி, மாட்டி, படித்துப் பழகினேன். கை பழகியதும் ஒரு மே மாதம் அதன் ஸ்டிக்கரை உரித்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வெயிலில் வைத்தேன். தினமும் சாயங்காலம் எடுத்துவந்து ஹேஷ் பார்ப்பேன். முதல் சில நாள் அசையவில்லை, தரவுத்தாள் பொய் சொல்கிறதோ என்றுகூட நினைத்தேன். வாரம் முடிவதற்குள் ஹேஷ் மாறிவிட்டது. அடுத்த சில நாளில் கோப்பைத் திறந்தால் 1, 1, 1 என்று வரிசையாக.